ரை கூடரின் கிட்டாரும் தோட்டத்துப் பாட்டும்

(மாத்தளையில் நடந்த இசை இரசனைக் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

இன்று நான் பேச வந்திருப்பது ஓர் அமெரிக்கரைப் பற்றி. பெயர் ரை கூடர். 1947ஆம் ஆண்டு கலிபோர்னியாவில் பிறந்த கிட்டார்க் கலைஞர். ஸ்லைட் கிட்டார் என்ற வாசிப்பு முறையில் உலகம் கண்ட பெரிய கைகளில் ஒன்று அவருடைய கை. மாத்தளையில் மண்டபம் எடுத்து அமெரிக்கக் கிட்டார்க்காரரைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். பதிலை இப்போதே சொல்லிவிடுகிறேன். அவர் வாசிக்கும் இசை தோட்டத்தில் பிறந்தது. துரை இருந்த தோட்டம், கணக்கப்பிள்ளை இருந்த தோட்டம், எவ்வளவு உழைத்தாலும் கடன் தீராத தோட்டம். அந்த இசையைக் காது கொடுத்துக் கேட்க நமக்கு இல்லாத உரிமை வேறு யாருக்கு இருக்கிறது?

முதலில் வாத்தியத்தைச் சொல்கிறேன். கிட்டாரின் கழுத்தில் குறுக்குக் குறுக்காக உலோக மெட்டுகள் பதித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். வழக்கமாக வாசிப்பவர் நரம்பை விரலால் அழுத்துவார். ஒரு மெட்டுக்கு ஒரு சுரம். அடுத்த மெட்டுக்கு அடுத்த சுரம். இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஒலிக்காது. ஸ்லைட் வாசிப்பவர் அப்படி அழுத்துவதில்லை. போத்தலின் கழுத்தை வெட்டி மழுக்கிய ஒரு கண்ணாடிக் குழாயைச் சுண்டுவிரலில் மாட்டிக்கொண்டு, நரம்பின் மேல் பட்டும் படாமலும் வைத்து நகர்த்துகிறார். உடனே, ஒலிக்காமல் கிடந்த இடமெல்லாம் ஒலிக்கத் தொடங்குகிறது. சுரம் வழுக்கிக்கொண்டு ஏறும், தயங்கும், நடுங்கும், இறங்கும். கர்நாடக இசை படித்தவர்கள் இதை ஜாரு என்பார்கள். மாசி மகத்துக்கு முத்துமாரியம்மன் கோயில் தேர்கள் ஐந்தும் வீதிக்கு வரும்போது நாதஸ்வரக்காரர் ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு எப்படிப் போகிறார் என்று நீங்கள் கேட்டிருக்கிறீர்கள் அல்லவா? அந்தப் போக்குத்தான் இதுவும்.

கேட்பதற்குச் சுகம். வாசிப்பதற்கோ கடினம். கண்ணாடி, மெட்டின் நேர் மேலே நிற்க வேண்டும். மயிரிழை விலகினாலும் சுருதி போய்விடும். அழுத்தினால் நரம்பு மெட்டில் இடித்துச் சத்தம் போடும். தொட்டும் தொடாமலும் விட்டால் தகரம்போல் இரையும். கண்ணாடிக்குப் பின்னால் மற்ற விரல்கள் நரம்பை மெல்லத் தொட்டு வேண்டாத அதிர்வை அடக்க வேண்டும். வலது கை மீட்டிய பிறகு இடது கை அந்த ஒலியை நெடுநேரம் தாங்கிக்கொண்டு போக வேண்டும். சுருங்கச் சொன்னால், குரல் செய்கிற வேலை முழுவதையும் அங்கே கண்ணாடி செய்கிறது.

இது எங்கிருந்து வந்தது? ஹவாய்த் தீவில் ஜோசப் கெக்குக்கு என்ற பையன் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இரும்புத் துண்டால் கிட்டார் நரம்பை வழுக்கி வாசித்த கதை ஒரு பக்கம் இருக்கிறது. தஞ்சை மண்ணில் மெட்டே இல்லாத வீணையில் கருங்காலிக் கட்டையை நகர்த்தி வாசித்த கோட்டுவாத்தியம் இன்னொரு பக்கம் இருக்கிறது. திருவிடைமருதூர் சகாராம ராவ் அந்த வாத்தியத்தில் புகழ் பெற்றவர். செம்மங்குடி சீனிவாச ஐயருக்கு ஆசானாக இருந்தவரும் அவரே. ஆனால் நான் பேசவிருக்கும் வழி மூன்றாவது வழி. அது அமெரிக்காவின் தெற்கே, மிசிசிப்பி மாநிலத்தின் பருத்தித் தோட்டத்தில் தொடங்குகிறது.

1903ஆம் ஆண்டை ஒட்டிய ஒரு நாள். டட்வைலர் என்ற சின்ன ஊரின் ரயில் நிலையம். டபிள்யூ. சி. ஹேண்டி என்ற கறுப்பின இசைக்குழுத் தலைவர் தாமதமாகும் ரயிலுக்காகக் காத்திருந்து தூங்கிப்போகிறார். விழித்துப் பார்த்தால் பக்கத்தில் கந்தல் உடுத்த ஒரு கறுப்பு மனிதர் கிட்டார் வாசித்துக்கொண்டிருக்கிறார். விரலால் அழுத்தவில்லை. ஒரு கத்தியை நரம்பில் வைத்து வழுக்கி, ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடுகிறார். அதுவரை தாம் கேட்ட இசையில் இதைப்போல் விநோதமானது இல்லை என்று ஹேண்டி பிற்காலத்தில் தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதினார். அந்த மனிதரின் பெயர் என்ன? எந்தத் தோட்டத்துக்காரர்? அதன் பிறகு என்ன ஆனார்? யாருக்கும் தெரியாது. புளூஸ் என்று இன்று உலகமே கொண்டாடும் இசையின் வரலாற்றுக்குள் அவர் பெயரில்லாமல் வந்து, பெயரில்லாமல் போனார்.

அடிமை முறை சட்டத்தில் ஒழிந்து அரை நூற்றாண்டு ஆகாத காலம் அது. நிலம் வெள்ளைக்காரருடையது. உழைப்பு கறுப்பருடையது. விதைக்கும் மாவுக்கும் துணிக்கும் தோட்டத்துக் கடையில் கடன். அறுவடை முடிந்ததும் கணக்குப் பார்ப்பார்கள். கணக்குப் புத்தகம் துரையிடம் இருக்கும். எந்த ஆண்டும் கடன் தீராது. இந்தக் கதையை எங்கேயோ கேட்டதுபோல் இருக்கிறதா? இருக்கத்தான் செய்யும். கங்காணி கொடுத்த முன்பணம், அந்தக் கடனை எழுதிய துண்டுச் சீட்டு, கடனை அடைக்கும்வரை வேறு தோட்டம் போக முடியாத நிலை! நம் முப்பாட்டன்மார் அந்தத் துண்டோடுதான் மலை மலையாக ஏறினார்கள். 1921இல் சட்டம் போட்டு ஒழிக்கும்வரை அது இருந்தது. மிசிசிப்பியில் பருத்தி, மாத்தளையில் முதலில் கோப்பி, பிறகு தேயிலை, றப்பர், கொக்கோ. பயிர் வேறு, கணக்கு ஒன்று.

தோட்டம் ஒன்றாக இருந்தால் பாட்டும் ஒன்றாகத்தானே இருக்கும்? அங்கே பருத்திக்காட்டில் ஒருவர் அடி எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் பின்பாட்டுப் பாடினார்கள். இங்கே கொழுந்து எடுக்கும் நிரையில் ஒருத்தி தெம்மாங்கு எடுத்தால் அடுத்த நிரை பதில் சொல்லும். அங்கே துரையை நேரே ஏச முடியாதவர்கள் பாட்டில் ஏசினார்கள். இங்கும் கங்காணியையும் கணக்கப்பிள்ளையையும் பாட்டில்தான் ஏசினோம். தோட்டத் தொழிற்சங்க முன்னோடி கோதண்டராம நடேசய்யரின் துணைவியார் மீனாட்சி அம்மாள் தொழிலாளர் உரிமையைப் பாட்டாகவே எழுதி, தோட்ட மக்கள் கூடிய இடங்களில் தாமே பாடினார். மேடைப் பேச்சு புகாத காதில் பாட்டுப் புகும் என்று அந்த அம்மையாருக்குத் தெரிந்திருந்தது.

இனி ஒரு முக்கியமான இடத்துக்கு வருகிறேன். 1941ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம். மிசிசிப்பியில் ஸ்டோவல் தோட்டம். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்துக்காக நாட்டார் பாடல்களைத் திரட்டிக்கொண்டிருந்த அலன் லோமக்ஸ் என்ற இளைஞர், ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தின் கறுப்பினப் பேராசிரியர் ஜோன் வேர்க் என்பவருடன் அங்கே வருகிறார். காரின் பின்னால் கனமான ஒலிப்பதிவுக் கருவி. தோட்டத்தில் டிராக்டர் ஓட்டும் ஓர் இளைஞர் நன்றாகப் பாடுவார், போத்தல் கழுத்தால் கிட்டார் வாசிப்பார் என்று கேள்விப்பட்டு அவருடைய குடிசைக்கே போய்ப் பதிவு செய்கிறார்கள். பதிவு முடிந்ததும் போட்டுக் காட்டுகிறார்கள். அந்த இளைஞர் தம் குரலையும் வாசிப்பையும் முதல் முறையாக வெளியிலிருந்து கேட்கிறார். "நானும் பாடகன்தான்" என்ற நம்பிக்கை அங்கே பிறந்தது. பின்னர் லோமக்ஸ் அவருக்கு இருபது டொலர் காசோலையும் இசைத்தட்டின் இரண்டு பிரதிகளும் அனுப்பிவைத்தார். இரண்டே ஆண்டில் அந்த இளைஞர் தோட்டத்தை விட்டு சிக்காகோவுக்கு ரயில் ஏறினார். அவர்தான் மடி வாட்டர்ஸ். சிக்காகோவின் இரைச்சலுக்கு ஈடுகொடுக்க மின்சாரக் கிட்டாரில் தோட்டத்து ஸ்லைடை வாசித்தார். அவருடைய பாட்டொன்றின் பெயரைத்தான் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவினர் தங்கள் பெயராக வைத்துக்கொண்டார்கள். ரொக் இசை என்று சொல்கிறோமே, அதன் வேரில் ஒன்று ஒரு தோட்டத்துக் குடிசையில் இருக்கிறது.

அன்று லோமக்ஸும் வேர்க்கும் அந்தக் குடிசைப் படியை மிதிக்காமல் போயிருந்தால்? இந்தக் கேள்வியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது அந்த இசையின் பொற்காலத்துக்கு வருவோம். என் கணக்கில் அது மிகச் சிறிய காலம். 1968 தொடங்கி 1971 முடிய. அந்த நான்கு ஆண்டுகளில் ஸ்லைட் கிட்டார் ரொக் இசையின் நடுமேடைக்கு வந்தது. தாஜ் மஹால் என்ற பெயர் வைத்துக்கொண்ட கறுப்பினப் பாடகர் 1968இல் தம் முதல் இசைத்தட்டை வெளியிட்டார். அதில் பிளைண்ட் வில்லி மெக்டெல் 1928இல் பாடிய பழைய பாட்டான ‘ஸ்டேட்ஸ்போரோ புளூஸ்’ புதிய உருவில் இருந்தது. ஸ்லைட் வாசித்தவர் ஜெஸ்ஸி எட் டேவிஸ் என்ற செவ்விந்தியக் கலைஞர். அதே இசைத்தட்டில் துணைக் கிட்டார் வாசித்தவர் நம் நாயகர் ரை கூடர். தாஜ் மஹாலும் கூடரும் அதற்கு முன்பே லொஸ் ஏஞ்சல்ஸில் ரைசிங் சன்ஸ் என்ற குழுவில் சேர்ந்து வாசித்தவர்கள். கறுப்பரும் வெள்ளையரும் ஒரே குழுவாக மேடையேறுவது அரிதாக இருந்த நாள் அது.

அந்த இசைத்தட்டு டுவேன் ஆல்மன் என்ற இளைஞர் கைக்குப் போகிறது. தடிமனும் கைக்காயமுமாக வீட்டில் கிடந்த அவருக்குப் பிறந்தநாள் பரிசாகத் தம்பி கிரெக் அந்த இசைத்தட்டையும் தடிமன் மாத்திரைப் போத்தல் ஒன்றையும் கொடுத்தார். டுவேன் மாத்திரைகளைக் கொட்டிவிட்டு, போத்தலைக் கழுவி விரலில் மாட்டிக்கொண்டு அந்த இசைத்தட்டோடு சேர்ந்து வாசிக்கத் தொடங்கினார் என்று கிரெக் பிற்காலத்தில் சொன்னார். 1971 மார்ச் மாதம் நியூயோர்க்கின் ஃபில்மோர் ஈஸ்ட் அரங்கில் ஆல்மன் சகோதரர்கள் குழு வாசித்ததன் பதிவு அதே ‘ஸ்டேட்ஸ்போரோ புளூஸ்’ பாட்டோடு தொடங்குகிறது. அந்த முதல் சில விநாடிகளில் ஸ்லைட் எழும்பி வரும் வேகம் இருக்கிறதே, இன்றைக்குக் கேட்டாலும் முதுகு நிமிரும்! அந்த ஆண்டு ஜூலையில் இசைத்தட்டு வந்தது. ஒக்டோபர் 29ஆம் திகதி டுவேன் மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்தார். வயது 24. பொற்காலம் என்றேனே, அதன் முடிவை நான் அந்த நாளோடு குறித்துவைத்திருக்கிறேன்.

அப்போது நாம் எப்படி இருந்தோம்? 1971 ஏப்ரலில் இங்கே கிளர்ச்சி, ஊரடங்கு. அதைத் தொடர்ந்து இறக்குமதிக் கட்டுப்பாடு. வெளிநாட்டு இசைத்தட்டு கண்ணில் படாத காலம். 1973, 1974இல் தோட்டங்களில் பட்டினி. மனிதர் மாவுக்கு வரிசையில் நின்ற நாட்களில் கிட்டாருக்கு ஏது இடம்? ஆனாலும் வானொலி இருந்தது. தமிழில் நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு பொப் இசை பாடினார்கள். ஆங்கிலச் சேவையில் இரவில் ஏதேதோ பாட்டுகள் வரும். பட்டரி தீர்ந்துவிடும் என்ற பயத்தில் ஒலியைக் குறைத்து, டிரான்சிஸ்டரில் காதை ஒட்டிவைத்துக் கேட்ட தலைமுறை என்னுடையது. வாசிப்பவர் பெயர் தெரியாது. ஆனால் நடுவில் அந்த வழுக்கும் கிட்டார் வந்துவிட்டால் கேட்பவர் பேச்சு நின்றுவிடும். ஏன் நின்றது என்பதற்கு இன்று எனக்குப் பதில் தெரியும். சாவு வீட்டில் ஒப்பாரி எடுக்கும் கிழவியின் குரல் அதில் இருந்தது.

நண்பர்களே, ரை கூடரை நான் ஏன் டுவேனுக்கும் மேலே வைக்கிறேன்? டுவேனின் வாசிப்பு பாய்ச்சல். கூடரின் வாசிப்பு பொறுமை. 2003ஆம் ஆண்டு ரோலிங் ஸ்டோன் சஞ்சிகை வெளியிட்ட சிறந்த கிட்டார்க் கலைஞர்கள் பட்டியலில் டுவேனுக்கு இரண்டாம் இடம், கூடருக்கு எட்டாம் இடம். பட்டியல் போடுகிறவர்கள் வேகத்துக்கு மயங்குவார்கள். நான் மயங்குவது கூடர் வாசிக்காமல் விடும் இடங்களுக்கு.

நான்கு வயதில் விபத்தில் இடது கண்ணை இழந்தவர் அவர். சிறு வயதிலேயே கிட்டார் கையில் வந்தது. ரோலிங் ஸ்டோன்ஸின் ‘சிஸ்டர் மோர்ஃபின்’ பாட்டில் ஸ்லைட் வாசித்தவர் அவரே. பெரிய குழுவோடு பெரிய மேடைகளில் நின்றிருக்கலாம். அவர் தேர்ந்துகொண்டது வேறு வழி. ஹவாய்க்குப் போய் கேபி பஹினுய் என்ற மூத்த கலைஞரோடு வாசித்தார். மாலி நாட்டு அலி ஃபார்க்கா தூரேயோடு சேர்ந்து 1994இல் ‘டோக்கிங் டிம்பக்டு’ என்ற இசைத்தட்டைத் தந்தார். ஹவானாவில் மறக்கப்பட்டுக்கிடந்த முதிய கலைஞர்களை 1996இல் ஒரே கூடத்தில் கூட்டி ‘புவேனா விஸ்டா சோஷியல் கிளப்’ பதிவு செய்தார். அந்தத் தட்டு அந்த முதியவர்களை உலக மேடைகளுக்குக் கொண்டுபோனது. எங்கே போனாலும் அவர் பின்னால் உட்கார்ந்துகொள்வார். முன்னால் இருப்பவர் பாடட்டும் என்று விடுவார். அந்தக் குணத்தைத்தான் நான் வணங்குகிறேன்.

1984இல் விம் வெண்டர்ஸின் ‘பாரிஸ், டெக்சஸ்’ என்ற படம் வந்தது. கான் விழாவில் உயரிய பரிசு பெற்ற படம். அதற்கு இசை ரை கூடர். படம் முழுக்க ஒரு கிட்டார், ஒரு கண்ணாடிக் குழாய், பாலைவனம். அதன் அடிநாதமாக அவர் எடுத்துக்கொண்டது பிளைண்ட் வில்லி ஜோன்சன் 1927இல் பதிவு செய்த ஒரு பாட்டு. பாட்டு என்றேன், அதில் சொல்லே இல்லை. முனகல் மட்டும். முனகலோடு கூடவே ஸ்லைட். எது குரல், எது நரம்பு என்று பிரிக்க முடியாது. கண் தெரியாமல் தெருவில் தெய்வப் பாட்டுப் பாடித் திரிந்தவர் ஜோன்சன். 1945இல் வீடு எரிந்துபோன பின் ஏழ்மையில் இறந்தார். 1977இல் வோயேஜர் விண்கலங்களில் பூமியின் ஒலிகளைச் சுமந்த தங்கத் தட்டை வைத்து அனுப்பினார்களே, அதில் அந்த முனகலும் இருக்கிறது. அதே தட்டில் இந்துஸ்தானிப் பாடகி கேசர்பாய் கேர்க்கரின் பைரவியும் இருக்கிறது. சூரிய மண்டலத்தைத் தாண்டிப் போகும் மனிதக் குரல்களில் ஒன்று தெருவில் பாடிய ஒரு கறுப்பு ஏழையின் குரல்! இந்தச் செய்தியைக் கேட்டு நெஞ்சு விம்மாதவர் இருக்க முடியுமா?

அடுத்துச் சொல்லப்போவது என் பேச்சின் நடுப்பகுதி. தயவுசெய்து கவனியுங்கள்.

1992ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம். கலிபோர்னியாவில் சாண்டா பார்பரா என்ற கடற்கரை நகரம். அங்கே புனித அந்தோனியார் குருமடத்தின் தேவாலயம். கல்லும் மரமுமான அந்தக் கூடத்தில் இரண்டு மனிதர்கள் எதிரெதிரே அமர்கிறார்கள். ஒருவர் ரை கூடர். மற்றவர் ஜெய்ப்பூர் விஷ்வ மோகன் பட், பண்டிட் ரவிசங்கரின் மாணவர். கிட்டாருக்குக் கூடுதல் நரம்புகளைப் பூட்டி, மடியில் கிடத்தி, இரும்புக் கோலை வழுக்கி இராகம் வாசிப்பவர். தம் வாத்தியத்துக்கு மோகன வீணை என்று பெயரிட்டவர். இருவரும் நேரில் சந்தித்து ஒரு மணி நேரம் கூட ஆகவில்லை. ஒத்திகை இல்லை. எழுதிவைத்த சுரம் இல்லை. தபேலாவுக்கு சுக்விந்தர் சிங் நாம்தாரி. சிறு பறை வாசிக்க கூடரின் பதினான்கு வயது மகன் யோவாக்கிம்.

இந்தச் சந்திப்பை உண்டாக்கியவர் யார்? ஒலிவாங்கியை நட்டு, நாடாவை ஓடவிட்டு, இரண்டு கிட்டார்களும் மூச்சு விடும் சத்தத்தைக்கூட இழக்காமல் பிடித்தவர் யார்? பெயரைச் சொல்கிறேன், கேளுங்கள். கவிச்சந்திரன் அலெக்சாண்டர்! இலங்கையில் பிறந்தவர். நம் நாட்டிலிருந்து புறப்பட்டுப்போய், சாண்டா பார்பராவில் வோட்டர் லிலி அகூஸ்டிக்ஸ் என்ற சிறிய இசைத்தட்டு நிறுவனத்தை நடத்தியவர்.

அவருடைய முறை விசேடமானது. பெரிய கலையகங்களில் ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனி ஒலிவாங்கி வைப்பார்கள். பிழை வந்தால் அந்த இடத்தை மட்டும் வெட்டி ஒட்டுவார்கள். அலெக்சாண்டர் அதை ஏற்கவில்லை. நல்ல எதிரொலி உள்ள கூடம் வேண்டும் என்றார். வால்வு வைத்த பழைய பாணி ஒலிவாங்கிகளை ஜோடியாக நிறுத்தி, கலைஞர்களைச் சுற்றி உட்காரவைத்து, காந்த நாடாவில் நேரே பிடித்தார். ஒருவர் வாசிப்பது மற்றவர் ஒலிவாங்கியிலும் விழும். ஆகவே பிறகு எதையும் மெருகேற்ற முடியாது. வாசித்தது வாசித்ததுதான். இப்படிச் செய்ய இரண்டு துணிவுகள் வேண்டும். கலைஞரை நம்பும் துணிவு ஒன்று, மௌனத்தை நம்பும் துணிவு இன்னொன்று.

(இங்கே அந்த இசைத்தட்டிலிருந்து ஒரு பகுதி ஒலிக்கவிடப்பட்டது.)

கேட்டீர்களா? பட் ஒரு நீளமான சொற்றொடரை எடுத்து மேலே கொண்டுபோகிறார். கூடர் உடனே குறுக்கிடவில்லை. காத்திருக்கிறார். பட் இறங்கி வந்து நிற்கும் இடத்தில், தாழ்ந்த நரம்பில் ஒரே ஒரு சுரத்தை வழுக்கி வைக்கிறார். அவ்வளவுதான். வேறொருவராக இருந்தால் தம் கையின் திறமையைக் காட்டப் பத்து சுரம் கொட்டியிருப்பார். கூடர் ஒன்று வைக்கிறார். அந்த ஒன்றில் மிசிசிப்பி இருக்கிறது. ‘எ மீட்டிங் பை த ரிவர்’ என்ற அந்த இசைத்தட்டில் நான்கே பகுதிகள்தான். ஒன்றின் பெயரிலேயே கங்கையும் புளூஸும் சேர்ந்திருக்கின்றன. கடைசிப் பகுதி ஃபீஜித் தீவின் பிரிவுப் பாட்டு. ஃபீஜி என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? கரும்புத் தோட்டம். கப்பலில் போன நம் மக்கள். அங்கேயும் ஒரு தோட்டம்!

1993இல் தட்டு வெளிவந்தது. 1994இல் கிராமி விருது பெற்றது. அலெக்சாண்டர் அதோடு நிற்கவில்லை. 1995இல் தாஜ் மஹாலையும் விஷ்வ மோகன் பட்டையும் நம் கோட்டுவாத்தியத்தை, சித்ரவீணை என்ற பெயரில் வாசிக்கும் என். ரவிகிரணையும் ஒன்றாக உட்காரவைத்து ‘மும்தாஜ் மஹால்’ என்ற தட்டைப் பதிவு செய்தார். கோட்டுவாத்தியம் நாராயண ஐயங்காரின் பேரன் ரவிகிரண். 1968இல் எந்தத் தாஜ் மஹாலின் இசைத்தட்டு டுவேன் ஆல்மனைப் போத்தல் எடுக்கவைத்ததோ, அதே தாஜ் மஹால் ரொபர்ட் ஜோன்சனின் பழைய புளூஸைப் பாட, தஞ்சை வழி வந்த வாத்தியம் அவருக்குப் பதில் சொல்கிறது. மிசிசிப்பி டெல்ட்டாவும் காவிரியும் பேசிக்கொள்கின்றன. பேசவைத்தவர் இந்தத் தீவில் பிறந்த ஒருவர். நம்மில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்? நம் பாடசாலை இசைப் புத்தகத்தில் அவர் பெயர் ஒரு வரியாவது வர வேண்டாமா?

அன்பர்களே, லோமக்ஸ் குடிசைக்குப் போகாமல் இருந்திருந்தால் என்று ஒரு கேள்வியை வைத்தேன். இப்போது அதை நம் பக்கம் திருப்புகிறேன்.

19ஆம் நூற்றாண்டில் நம் முன்னோர் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே நடந்து, தம்புள்ளை, நாலந்தை தாண்டி மாத்தளைக்கு வந்தார்கள். மலைநாட்டின் வாசல் நம் ஊர். வழியில் காய்ச்சலிலும் பேதியிலும் விழுந்தவர்களுக்குக் கணக்கில்லை. 2023இல், நம் மக்கள் இங்கு வந்து இருநூறு ஆண்டு ஆனதைக் குறிக்கும் ‘மலையகம் 200’ நினைவாக, ஜூலை இறுதியில் தலைமன்னாரில் தொடங்கிய நடைபயணம் ஆகஸ்ட் 12ஆம் திகதி இதே மாத்தளையில் வந்து முடிந்தது. உங்களில் பலர் அதில் நடந்தீர்கள். அந்தப் பழைய வழியில் நடந்தவர்கள் பாடாமலா நடந்திருப்பார்கள்? அந்தப் பாட்டு எங்கே?

1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம். நம் மக்களில் ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று முடிவாயிற்று. பின்னர் 1977, 1983 வன்செயல்கள். நம் சனம் மூட்டை கட்டி ரயில் ஏறித் தலைமன்னார் போய் இராமானுஜம் கப்பலில் ஏறியது. தாலாட்டுத் தெரிந்த பாட்டிகள் போனார்கள். காமன் கூத்து மாஸ்டர்கள் போனார்கள். பொன்னர் சங்கர் கதையை விடிய விடியப் பாடியவர்கள் போனார்கள். விடியற்காலையில் பெரட்டுக்கு ஆள் கூப்பிடத் தப்படித்தவர்களும் போனார்கள். மிசிசிப்பி மக்கள் ரயிலேறி சிக்காகோ போனபோது அங்கே இசைத்தட்டுக் கம்பனிகள் காத்திருந்தன. நம் மக்கள் இறங்கிய துறையில் அவர்களுடைய பாட்டைக் கேட்க யார் காத்திருந்தார்கள்? சி. வி. வேலுப்பிள்ளை அவர்கள் தோட்டத்துப் பாடல்களைத் தேடித் திரட்டி அச்சில் கொண்டுவந்தார். அவருக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம். ஆனால் அச்சில் சொல் மட்டும்தான் வரும். சுரத்துக்கும் சுரத்துக்கும் நடுவே குரல் வழுக்கிப்போகும் இடம் அச்சில் வராது. ரை கூடர் வாழ்நாள் முழுவதும் தேடியது அந்த இடத்தைத்தான்.

எஞ்சியிருப்பவர்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். உக்குவளையில் இருக்கிறார்கள், ரத்தோட்டையில் இருக்கிறார்கள், எல்கடுவையில் இருக்கிறார்கள். சாவு வீட்டில் அவர்கள் ஒப்பாரி எடுத்தால் இளையவர்கள் வெட்கப்பட்டு ஸ்பீக்கரில் சினிமாப் பாட்டைப் போடுகிறோம். வேண்டாம், தம்பிமாரே! அதைப்போன்ற ஒரு குரலை அமெரிக்காவில் தங்கத் தட்டில் பொறித்து வானத்துக்கு அனுப்பினார்கள். நாம் ஸ்பீக்கரால் அடக்குகிறோம்.

லோமக்ஸுக்குக் கார் நிறையக் கருவி தேவைப்பட்டது. உங்கள் சட்டைப் பையில் இருக்கும் கைத்தொலைபேசி அதைவிடச் சிறந்தது. வருகிற ஞாயிற்றுக்கிழமை உங்கள் லயத்தில் வயது முதிர்ந்த ஒருவரிடம் போய் உட்காருங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள், தொலைக்காட்சியை அணையுங்கள். ஆச்சி, உங்க அம்மா பாடின பாட்டு ஒண்ணு பாடுங்க என்று கேளுங்கள். பாடும்போது குறுக்கே பேசாதீர்கள். பாடியவர் பெயர், தோட்டத்தின் பெயர், பாட்டு யாரிடம் படித்தது என்பதையும் அவர் வாயாலேயே சொல்லவைத்துப் பதிவு செய்யுங்கள். டட்வைலர் ரயில் நிலையத்து மனிதரைப்போல் நம்மவர் பெயரில்லாமல் போகக் கூடாது. பதிவை அவருக்கே முதலில் போட்டுக் காட்டுங்கள். ஒரு பிரதியை அவருடைய பிள்ளைகளிடம் கொடுங்கள், இன்னொன்றை இங்கே கொண்டு வாருங்கள். கிட்டார் படிக்கும் பிள்ளைகள் அதைக் கேட்டு, விரலில் ஒரு கண்ணாடிக் குழாயை மாட்டிக்கொண்டு ஆச்சியின் குரலைத் தேடட்டும்.

அடுத்த கூட்டத்துக்கு ஒவ்வொருவரும் உங்கள் தோட்டத்துப் பாட்டு ஒன்றோடு வாருங்கள் என்று கேட்டுக்கொண்டு விடைபெறுகிறேன்.